ஆராய்ச்சியும் பள்ளிக்கூடமும்: நியூ ஹேவன் நகர் காட்டிய வழி

பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆராய்ச்சிகளால் ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்கு என்ன பயன் என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. ஆராய்ச்சியாளர் வருவர், வினாத்தாளை நிரப்பிச் செல்வர், நம் பிள்ளைகள் ஏன் பின்தங்கினர் என்று எழுதிப் பட்டம் பெறுவர், பள்ளியோ பழையபடியே இருக்கும். இக்குறையில் உண்மை உண்டு. எனினும், ஆராய்ச்சி அவ்வாறுதான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. அதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையம் 1968ஆம் ஆண்டில் தொடங்கிய பணியை, நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அப்பணியை நடத்தியவர் மருத்துவர் ஜேம்ஸ் கோமர். கறுப்பினத்தைச் சேர்ந்த அவர் 1934இல் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் கிழக்குச் சிகாகோ நகரில் வளர்ந்தார். தந்தையார் எஃகு ஆலைத் தொழிலாளி. தாயார் மேகி பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இல்லாத அத்தாயின் ஐந்து மக்களும் சேர்ந்து பதின்மூன்று பட்டங்கள் பெற்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. கோமர் 1960இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் யேலில் மனநல மருத்துவம் பயின்றார்.

ஆயினும் ஒரு கவலை அவரை விட்டகலவில்லை. அவருடன் படித்த கறுப்பினத் தோழர் மூவர் அறிவில் அவருக்குச் சற்றும் குறைந்தவரல்லர். அவர்களுள் ஒருவர் குடியால் இளமையிலேயே மாண்டார். ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். மற்றவர் மனநோய் மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலைந்தார். வேறுபாடு அறிவில் இல்லையெனில் வேறு எதில்? வீட்டில் பெற்ற வாழ்க்கைப் பயிற்சிக்கும் பள்ளி எதிர்பார்க்கும் நடத்தைக்கும் இடையே பாலம் அமைந்த குழந்தை முன்னேறுகின்றது. அமையாத குழந்தை ‘மந்தம்’ என்றும் ‘முரடு’ என்றும் பெயர் பெற்று ஒதுக்கப்படுகின்றது. இதுவே அவர் கண்ட விடை.

இவ்விடையைச் செயலில் சோதித்துப் பார்க்க நியூ ஹேவனின் இரு தொடக்கப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைத் தாங்கியது. மாணவர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின ஏழைக் குழந்தைகள். நகரின் 33 தொடக்கப் பள்ளிகளுள் இவை 32ஆவது, 33ஆவது இடங்களில் இருந்தன. கோமருடன் ஒரு சமூகப் பணியாளரும், ஓர் உளவியலாளரும், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரும் பள்ளிக்குள் சென்றனர். முதலாண்டு பெரும் குழப்பத்திலேயே கழிந்தது. பெற்றோர் சினந்தனர், ஆசிரியர் சோர்ந்தனர். ஆராய்ச்சியாளர் தம் திட்டத்தைக் கட்டிவிட்டு ஓடாமல், அங்கேயே இருந்து பிழையைக் கற்றனர்.

அவர்கள் கற்ற விதத்தை ஒரு நிகழ்ச்சி விளக்கும். வட கரோலினாவின் நாட்டுப்புறத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன், முன்னறிமுகம் ஏதுமின்றி ஒரு வகுப்பில் சேர்க்கப்பட்டான். புதிய பிள்ளைகள் பலரைச் சமாளித்துக் களைத்திருந்த ஆசிரியை முகம் சுளித்தார். அஞ்சிய சிறுவன் அவரை உதைத்துவிட்டு வெளியே ஓடினான். வேறிடமாயின் தண்டனையோடு முடிந்திருக்கும். இங்கோ, அக்குழந்தையின் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஆசிரியர் எல்லோரும் கூடி எண்ணினர். அதன் பயனாகப் புதிதாய்ச் சேரும் குழந்தைகளை வரவேற்றுப் பழக்கும் முறை ஏற்பட்டது. ஒரே ஆசிரியரிடம் இரண்டாண்டு பயிலும் ஏற்பாடும் வந்தது. முதலாண்டில் சிறிதும் முன்னேறாத பிள்ளைகள் சிலர், இரண்டாம் ஆண்டின் முடிவில் ஈராண்டுப் படிப்பையும் எட்டினர்.

பள்ளி நிருவாகத்திலும் மாற்றம் நேர்ந்தது. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், ஆலோசகர் ஆகியோர் ஒரு குழுவாக அமர்ந்து திட்டமிட்டனர். குற்றம் யாருடையது என்று தேடுவதில்லை. வாக்கெடுத்து ஒரு சாராரைத் தோற்கடிப்பதில்லை, ஒருமித்தே முடிவு செய்வது. தலைமையாசிரியரைச் செயலற்றவராக்குவதில்லை, அவரும் குழுவைத் தலையாட்டும் பொம்மையாக்குவதில்லை. இம்மூன்றும் அவர்களின் விதிகள். பெற்றோர் சிலர் ஊதியம் பெற்று வகுப்பறைத் துணைவராகவும் பணியாற்றினர்.

விளைவு உடனே வரவில்லை. 1979இல்தான் நான்காம் வகுப்பு மாணவர் தம் வகுப்புக்குரிய தரத்தை எட்டினர். 1984இல் அத்திட்டத்தின் இரு பள்ளிகளும் நான்காம் வகுப்புத் தேர்வில் நகரின் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இடைப்பட்ட காலத்தில் அக்குடும்பங்களின் வறுமை மாறவில்லை, மாறியது பள்ளியே.

இம்முறை பின்னர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. எல்லாவிடத்தும் வெற்றி கிட்டியதென்று கூறுதற்கில்லை. தாமஸ் குக் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் மேரிலாந்து மாநிலத்தில் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, திட்டம் ஏற்ற பள்ளிகளுக்கும் ஏலாத பள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. திட்டம் முழுமையாக நடைபெறாமையே அதற்குக் காரணமாகக் காணப்பட்டது. சிகாகோவில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவோ, படிப்பிலும் நடத்தையிலும் ஓரளவு நன்மை விளைந்ததைக் காட்டியது. பலகையில் பெயரை மாற்றினால் பள்ளி மாறாது என்பதையும் ஆராய்ச்சியே நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? ஒடுக்கப்பட்ட குழந்தையிடம் குறை தேடும் ஆராய்ச்சியால் நமக்குப் பயனில்லை. பள்ளியின் குறையைத் தேடி, அதைத் திருத்தும் வரை உடனிருக்கும் ஆராய்ச்சியே நமக்கு வேண்டுவது. அத்தகையோர் வந்தால் நம் பள்ளிகளின் கதவுகளைத் திறந்து வைப்போம்; ஆனால் ஆராயப்படும் பொருளாக அன்றி, உடன் ஆராய்வோராக அவர்களோடு அமர்வோம். படிக்க இயலாது போன தாய்மார் பள்ளிக் குழுவில் சமமாக அமர்ந்து பேசும் நாள், நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் ஊரிலும் வருவதாகுக.