புழுங்கலரிசி புகட்டிய பாடம்

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களைப் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போன காலத்தில், தோட்டத் தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேற்றுமையை டாக்டர் பிராடன் சுட்டிக்காட்டினார்.

அதனைச் சோதித்தவர் டாக்டர் பிளெட்சர். 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை வரிசையாக எண்ணி, ஒற்றை எண்ணினர், இரட்டை எண்ணினர் என இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மற்றவருள் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. இசைவு பெறாத இச்சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. ஆயினும், இரு பிரிவாக்கி ஒப்பிடும் அளவுகோலின் வலிமை புலப்பட்டது. தவிட்டோடு நீங்கும் பி1 உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இன்று நம்மவரை வாட்டுவது நீரிழிவு. இரத்தத்தில் மிகும் சர்க்கரை, உடலணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களோ செலவழிந்து குறைகின்றன. குறைந்ததை மாத்திரையால் நிரப்பினால் நோய் தணியாதா?

அதே அளவுகோல் விடை தந்தது. இதய நோய் அல்லது நீரிழிவு உடைய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், இ உயிர்ச்சத்து மாத்திரையால் இதயத்துக்குப் பயன் விளையவில்லை. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்விலோ, பீட்டா கரோட்டின் உண்ட புகைபிடிப்போரிடையே நுரையீரற் புற்று 18 விழுக்காடு மிகுந்தது.

பெரிபெரியில் குறைவே நோயின் வேர். நீரிழிவிலோ அது நோய் விட்டுச் சென்ற தடமாகவும் இருக்கலாம். தடத்தை அழித்தால் கள்வன் பிடிபடான். ஆதலால் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு விளம்பர மாத்திரையை நம்புதல் தகாது. கீரையும் காய்கனியும் உணவில் இருக்கட்டும், மருந்தும் தவறாதிருக்கட்டும்.