கிணற்றை மூடிய நகரம்



சபை வரலாற்றில் நாம் மகிழ்ந்து வாசிக்கும் பக்கங்கள் உண்டு; தலைகுனிந்து வாசிக்க வேண்டிய பக்கங்களும் உண்டு. அப்படித் தலைகுனிய வைக்கும் ஒரு பக்கத்தை இவ்வாரச் சிந்தனைக்காக எடுத்துக்கொள்கிறேன்.

1347-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கருங்கடல் பக்கமிருந்து சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு வந்த ஜெனோவா நாட்டு வணிகக் கப்பல்களோடு ஒரு கொள்ளைநோயும் கரையிறங்கியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியவர்கள் சில நாட்களுக்குள் மாண்டனர். இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து, ஜெர்மானிய நாடுகள் என அது பரவிச் சென்றது. 1351-க்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மடிந்தனர் என்று கணிக்கப்படுகிறது. பாதிப்பேர் மடிந்தனர் என்பாரும் உளர். நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-இல்தான். அந்நாளைய மக்களுக்கு மரணம் தெரிந்தது. அதன் காரணம் தெரியவில்லை.

அந்த இருளிலும் உண்மையாய் ஊழியம் செய்தவர்கள் இருந்தார்கள். மரணப்படுக்கையில் கிடந்தோரைச் சந்திக்கச் சென்ற குருமார் பலர் தாங்களும் நோய்க்கண்டு மரித்தனர். இங்கிலாந்தின் பாத், வெல்ஸ் பகுதிகளின் பேராயர் 1349 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார். குருவானவர் கிடைக்காவிட்டால், மரிக்கிறவர் தம் பாவங்களைச் சாதாரண விசுவாசி ஒருவரிடம், பெண்ணாயிருந்தாலும் அவரிடம், அறிக்கையிடலாம் என்று அதில் அனுமதித்தார். அக்காலத் திருச்சபை இப்படி இறங்கி வந்தது எளிய காரியமல்ல.

ஆனால் பயம் வேறொரு வேலையும் செய்தது. கிணறுகளில் யூதர்கள் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி எழுந்தது. 1348-இன் இலையுதிர் காலத்தில் சவோய் நாட்டில் யூதர்கள் சிலரைப் பிடித்து வதைத்து, அவர்கள் வாயிலிருந்தே குற்ற ஒப்புதல் பெற்றார்கள். வதையில் பிறந்த அச்சொற்கள் சாட்சியமாக ஊர் ஊராய் அனுப்பப்பட்டன.

அந்நாட்களில் போப்பு அவிஞோன் நகரில் வாசம்பண்ணினார். போப்பு ஆறாம் கிளெமென்ட் ஜூலையிலும் செப்டம்பரிலும் ஆணைக் கடிதங்கள் வெளியிட்டு, யூதர்களைக் கொல்லவோ கொள்ளையிடவோ கூடாதென்று தடுத்தார். அவர் காட்டிய நியாயம் எளியது: யூதர்களும் இதே நோயால் மடிகிறார்கள், யூதர் ஒருவரும் வாழாத நாடுகளிலும் நோய் பரவியிருக்கிறது. அப்படியிருக்க அவர்கள் எப்படிக் காரணமாவார்கள்? தமது நகரில் அவர் அவர்களைப் பாதுகாத்தார். தூரத்து நகரங்களோ செவிகொடுக்கவில்லை. 1349 ஜனவரியில் பாசெல் நகரத்தார், ரைன் நதித் தீவொன்றில் மரவீடு கட்டி, அதற்குள் யூதர்களை அடைத்து எரித்தார்கள்.

அடுத்து ஸ்ட்ராஸ்பூர்க். பென்ஃபெல்ட் என்னும் ஊரில் பேராயரும் பிரபுக்களும் நகரப் பிரதிநிதிகளும் கூடி ஆலோசித்தபோது, ஸ்ட்ராஸ்பூர்க்கின் பிரதிநிதிகள் தங்கள் யூதர்கள்மேல் யாதொரு குற்றமும் அறியோம் என்றார்கள். அப்படியானால் ஏன் உங்கள் கிணறுகளை மூடி வாளிகளை எடுத்து வைத்தீர்கள் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். பேராயரும் யூதருக்கு எதிரான பக்கமே நின்றார். சில நாட்களுக்குள் தொழிற்குழுவினர் கிளர்ந்தெழுந்து பழைய நகர மன்றத்தைக் கவிழ்த்தனர். 1349 பிப்ரவரி 14, சனிக்கிழமை, யூதரின் ஓய்வுநாளில், அவர்களுடைய கல்லறை நிலத்திலேயே மேடை அமைத்து நூற்றுக்கணக்கானோரை எரித்தார்கள். ஞானஸ்நானம் பெற இசைந்தோர் தப்பினர். யூதருக்குக் கொடுக்கவேண்டிய கடன்கள் தள்ளுபடியாயின. அவர்களுடைய ரொக்கம் பங்கிடப்பட்டது. யூதர் ஏழைகளாயிருந்து, பெரியோர் அவர்களுக்குக் கடன்படாமலும் இருந்திருந்தால் எரிக்கப்பட்டிருக்க மாட்டார்கள் என்று அந்நகரின் வரலாற்றை எழுதிய குருவானவர் ஜாக்கோப் ட்விங்கர் பின்னாளில் பதிவு செய்தார்.

இதில் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. யூதர்கள் எரிக்கப்பட்ட அந்நாளில் கொள்ளைநோய் ஸ்ட்ராஸ்பூர்க்கை இன்னும் எட்டவில்லை. சில மாதங்களுக்குப் பின்பே வந்தது. குற்றவாளிகள் என்று எண்ணப்பட்டவர்கள் சாம்பலான பிறகும் அது வந்தது.

இந்த வெறுப்பு ஒரே நாளில் முளைத்ததா? இல்லை. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், யூதர்கள் உடையால் வேறுபடுத்தப்பட வேண்டுமென விதித்தது. கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று அவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கபீடங்கள் பழித்தன. பல தொழில்களின் கதவுகளை அடைத்து வட்டித் தொழிலுக்குத் தள்ளிவிட்டு, பிறகு வட்டிக்காரர்கள் என்று பகைத்தார்கள். பயம் தீமூட்டியது உண்மை. விறகை அடுக்கியவர்கள் நெடுங்காலம் அதற்கு முன்னமே இருந்தார்கள்.

அதே நாட்களில் மனந்திரும்புதலின் பெயரால் மற்றொரு கூட்டம் ஊர் ஊராய் நடந்தது. ஆண்டவர் பூமியில் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்காக முப்பத்து மூன்றரை நாள் அவர்கள் தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டே சென்றார்கள். சில ஊர்களில் அவர்களுடைய வருகை யூதர்மேலான வெறியை இன்னும் கிளறிவிட்டது. 1349 அக்டோபரில் போப்பு அவ்வியக்கத்தைக் கண்டித்துத் தடைசெய்தார். தன் முதுகில் இரத்தம் வடியும்போதும் அயலான்மேல் பழி சுமத்த மனிதனால் கூடும். அப்படிப்பட்ட வருத்தம் மனந்திரும்புதலாகாது.

சீலோவாமின் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்த செய்தியை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரித்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார். யோவான் 4-இல், தம் ஜனத்தார் பழகாத சமாரியப் பெண்ணிடம், கிணற்றருகே அமர்ந்து, அவள் கையால் தண்ணீர் கேட்டார். கேட்டவர் ஒரு யூதர். அவர் நாமத்தைத் தரித்தவர்களே அவருடைய இனத்தாரைக் கிணற்றில் நஞ்சிட்டவர்கள் என்று எரித்தார்கள்.

அன்பானவர்களே, நம் வீட்டிலும் ஊரிலும் துன்பம் வரும்போது, யாரால் வந்தது என்ற கேள்வி நம் நாவில் முந்திக்கொள்கிறது. வந்த மருமகளின் ராசி என்கிறோம். அடுத்த தெருக்காரர்கள் என்கிறோம். வேறு மதத்தார், வேறு சாதியார் என்கிறோம். கேட்ட செய்தியை ஆராயாமல் கைப்பேசியில் பத்துப்பேருக்கு அனுப்புகிறோம். பென்ஃபெல்டில் கூடியவர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே. அங்கும் குற்றம் அறியோம் என்று சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள்; பதவியை இழந்தார்கள். நம் சபையிலிருந்து அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எத்தனைபேர் எழும்புவோம்?

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, பயத்தின் நாளில் எங்கள் நாவைக் காத்தருளும். பழி சுமத்தப்படுகிறவர்கள் பக்கத்தில் நிற்க எங்களுக்குத் தைரியம் தாரும். ஆமென்.