உண்ணாமுலை ஊரில் ஒரு கட்டி

திருவண்ணாமலைக் கோயில் அம்மனின் பெயர் உண்ணாமுலை. ஊர் வாயில் அவள் உண்ணாமலை ஆகிவிட்டாள். நம் பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பெயர் வைக்கிறோம். ஒரே ஒரு எழுத்தை மாற்றி உறுப்பை மலையாக்கிவிட்டார்கள். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்கு எத்தனை ஏச்சு!

என் சின்னம்மா நாத்து நடுகிற கூலிக்காரி. கட்டி வந்ததை எட்டு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எங்கம்மாவிடம், “அக்கா, நெஞ்சாண்ட ஒரு கட்டி கீது. வலிக்கல, அதான் வுட்டுட்டேன்” என்றாள். வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று சேரிக்கு வந்து சொன்னவர் யார்? ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, “இவ்ளோ நாளு இன்னா பண்ணிட்டிருந்த?” ஆண் டாக்டர் முன்னால் ஜாக்கெட்டைக் கழற்றத் தயங்கியதற்கும் திட்டு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சீலை போடும் உரிமைக்கு 1859 வரை அடிபட்டார்கள். மூடினால் அன்று அடி, திறக்கத் தயங்கினால் இன்று ஏச்சு.

சுவரில் ரோஸ் ரிப்பன் போஸ்டர். சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. “அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு சிரிக்குது?” என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

அக்டோபர் மாத விழிப்புணர்வு அமெரிக்காவில் 1985இல் தொடங்கியது. உடன் நின்றது இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸின் மருந்துப் பிரிவு. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை அவர்கள் சரக்கு. ரிப்பன் கதை இன்னும் மோசம். சார்லட் ஹேலி என்ற முதிய பெண் வீட்டிலிருந்தே இளஞ்செம்மஞ்சள் ரிப்பன் செய்து, புற்றுநோய்க்கான அரசுப் பணத்தில் தடுப்புக்கு வெறும் 5 சதவீதம்தானா என்று அட்டையில் எழுதி விநியோகித்தார். 1992இல் ஒரு பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதனக் கம்பெனியும் அதைக் கேட்டன. வியாபாரமாகிவிடும் என்று மறுத்தார். அவர்கள் நிறத்தை ரோஸ் ஆக்கிக்கொண்டார்கள். ரிப்பன் நின்றது, கேள்வி போய்விட்டது.

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பை இழந்தார். வெட்டிய இடத்தில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைக்காமல் போனபோது, கிளினிக்கின் மனத்தெம்பு கெடும் என்றார் நர்ஸ். 1980இல் வந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகளில் இது இருக்கிறது. நோயாளி சிரிக்க வேண்டும், பார்க்கிறவன் சங்கடப்படக் கூடாது! போஸ்டர் பெண் சிரிப்பது இதற்குத்தான்.

நம் பக்கம் இது இப்படித் தொடங்கவில்லை. தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் கேட்டது ரிப்பன் அல்ல, ஆஸ்பத்திரி. 1954இல் அடையாறில் குடிசையில் 12 படுக்கையோடு அது தொடங்கியது.

சின்னம்மாவின் ஆபரேஷன் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. கரண்ட் வைக்க வாரத்துக்கு அஞ்சு நாள் பஸ்ஸில் போய்வந்தாள். போன கூலிக்கு அட்டை இல்லை. அக்குள் நெறிகளையும் எடுத்ததால் இடது கை வீங்கிக்கொண்டது. வெயிட் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். போன நடவுக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். “நாத்துக் கட்டு இன்னா வெயிட்டு இருக்கும், டாக்டரு கேட்டாரா?” என்றாள்.