‘என்றார்’ என்ற சொல்லும் இரண்டு போர்களும்

2003ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நான் கடமையில் இருந்தேன். அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஆற்றிய உரை, செய்தி முகவரகத்தின் ஊடாக வந்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவுகள், செய்மதிப் படங்கள், நடமாடும் ஆய்வுகூடங்களின் வரைபடங்கள் என ஈராக்குக்கு எதிராக அவர் சான்றுகளை அடுக்கினார். “ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள், ஆதாரங்கள் அம்பலம்” என்று நான் தலைப்பிட்டேன். ‘பவல் கூறினார்’ என்பதற்குத் தலைப்பில் இடமில்லை.

அந்தச் சொல்லை வெட்டியதில் எனக்கு அன்று எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. எங்கள் நாட்டுப் போர்ச் செய்திகளில் அரச தரப்பின் கணக்கை நாங்கள் ஒருபோதும் அப்படி எழுதியதில்லை. ‘பாதுகாப்பு அமைச்சு தெரிவித்தது’ என்ற வால் இல்லாமல் ஒரு வரிகூட அச்சேறாது. உள்ளூர் அரசாங்கத்தை ஐயத்தோடு வாசிக்கப் பழகியிருந்த நாங்கள், வோஷிங்டனில் இருந்து வந்ததை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு நம்பியிருக்கக் கூடாது. 1964 ஓகஸ்ட் 2ஆம் திகதி, டோன்கின் வளைகுடாவில் ‘மடொக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியட்நாமியப் படகுகள் தாக்கின. அது நடந்த சம்பவம். ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு இரண்டாவது தாக்குதலும் நிகழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. மோசமான காலநிலையும் ஒலியுணர் கருவியை இயக்கியோரின் பதற்றமும் தவறான தகவலுக்குக் காரணமாயிருக்கலாம் என்று களத்தில் இருந்த கட்டளை அதிகாரியே சில மணி நேரத்தில் செய்தி அனுப்பினார். ஆயினும் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார்.

பெரும்பாலான பத்திரிகைகள் அரசின் கூற்றையே நடந்த சம்பவமாக வெளியிட்டன. ஓகஸ்ட் 7ஆம் திகதி ஜோன்சனுக்குப் போர் அதிகாரம் வழங்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்றும், செனட் சபையில் 88க்கு 2 என்றும் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த வெய்ன் மோர்ஸ், ஏர்னஸ்ட் குரூனிங் ஆகிய இருவரும் 1968இல் தம் பதவிகளை இழந்தனர். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்ற முடிவுக்கு வந்த அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் உள்ளக வரலாற்று ஆய்வு 2005இல் தான் பகிரங்கமாயிற்று. அதற்குள் 58,000இற்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், அவர்களைவிடப் பன்மடங்கான வியட்நாமியரும் மாண்டுபோயிருந்தனர்.

1971 ஜூன் 13ஆம் திகதி, வியட்நாம் போரில் அரசாங்கங்கள் மறைத்தவற்றைக் கூறும் ‘பென்டகன் ஆவணங்களை’ நியூயோர்க் ரைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசு நீதிமன்றத் தடை வாங்கியும், உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையால் பத்திரிகையின் பக்கம் நின்றது. இதழியல் படிக்கும் எவருக்கும் பெருமையோடு சொல்லப்படும் கதை இது.

அதே ரைம்ஸ் தான் 2002 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஈராக் அணுவாயுதத்துக்கான அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றதாக முதற்பக்கத்தில் எழுதியது. தகவலைத் தந்தவர்கள் பெயர் குறிப்பிடப்படாத அரச அதிகாரிகள். அன்று காலையே உப ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, அந்தச் செய்தியையே சுட்டிக்காட்டித் தன் வாதத்தை நிறுவினார். அரசு தன் கூற்றைப் பத்திரிகையின் கையில் கொடுத்து, அதையே சுதந்திரமான சான்றுபோலத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைவிடத் திறமையான பிரசார முறையை நான் கண்டதில்லை.

எல்லோரும் ஏமாறவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். நைட் ரிடர் நிறுவனத்தின் வோஷிங்டன் பணியகத்தைச் சேர்ந்த ஜொனதன் லான்டேயும் வாரன் ஸ்ட்ரோபலும், அமைச்சர்களை விடுத்து நடுத்தர நிலை அதிகாரிகளிடம் விசாரித்து, அரசின் வாதத்தில் உள்ள ஓட்டைகளை எழுதினர். ஆனால், அந்நிறுவனத்துக்கு நியூயோர்க்கிலோ வோஷிங்டனிலோ சொந்தப் பத்திரிகை இருக்கவில்லை. அவர்களின் குரல் அதிகார மையத்தை எட்டவில்லை. வோஷிங்டன் போஸ்டில் வோல்டர் பின்கஸ் எழுதிய ஐயப்பாடு, போர் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் 17ஆம் பக்கத்தில் வெளியானது.

ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. குழாய்கள் சாதாரண ரொக்கற்றுகளுக்கானவை என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே 2004இல் கூறியது. ரைம்ஸின் ஆசிரியர்கள் தம் செய்தியிடலில் இருந்த குறைகளை 2004 மே 26ஆம் திகதி ஒப்புக்கொண்டனர். முதற்பக்கத்தில் வந்த தவறுக்குரிய அந்தக் குறிப்பு உட்பக்கத்தில், பத்தாம் பக்கத்தில், இடம்பெற்றது. பவல் 2005இல் அந்த உரை தம் பெயரில் படிந்த கறை என்று ஏற்றுக்கொண்டார்.

அரசாங்கங்கள் போருக்காகப் பொய் சொல்வது புதிதல்ல. அதற்கான பொறுப்பு அவற்றுடையதே. பத்திரிகையாளனின் பொறுப்பு, சொன்னவர் யார் என்பதை வாசகனிடம் மறைக்காதிருப்பது. அன்று என் தலைப்பில் ஒரு சொல்லுக்கு இடம் தேடியிருந்தால் போர் நின்றிருக்கப் போவதில்லை. ஆனால், காலையில் பத்திரிகையை விரித்த யாழ்ப்பாணத்து வாசகன் அதை வோஷிங்டனின் கூற்றாக வாசித்திருப்பான், உண்மையாக அல்ல. ரைம்ஸ் பத்தாம் பக்கத்திலாவது தன் தவறை ஒப்புக்கொண்டது. நான் என் தலைப்புக்கு ஒரு திருத்தமும் வெளியிடவில்லை. இருபது ஆண்டுகள் கடந்த பின்னர் எழுதும் இந்தக் கட்டுரையே அந்தத் திருத்தம்.