ஆகாரமும் மனமும் இருதயமும்

வவுனியாவை அடுத்த நெளுக்குளத்தில் மாரடைப்புக் கண்டு வீடு திரும்பும் ஒருவர், எண்ணெயையும் உப்பையும் குறைக்கும்படி கேட்டே திரும்புவார். 2009 வரை நீடித்த போரின் இழப்புகளை எண்ணி அவர் விழித்திருக்கும் இரவுகளுக்கும் இருதயத்துக்கும் தொடர்புண்டா?

ஆகாரத்தையும் மனத்தையும் சேர்த்து நோக்கிய ஆய்வொன்றின் வரலாறு நம் நாட்டைத் தொட்டுச் செல்கிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1953இல் இலங்கைக்கு வந்து யோகம் கற்பித்து, 1966இல் அமெரிக்கா சென்றார். அங்கே மனச்சோர்வுற்றிருந்த டீன் ஓர்னிஷ் என்னும் மாணவர் அவரிடம் ஆறுதல் கண்டார், பின்னர் வைத்தியரானார்.

ஓர்னிஷ் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இருதய நோயாளர் 48 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கொழுப்பு மிகக் குறைந்த மரக்கறி உணவை உண்டனர்; நடந்தனர்; யோகமும் தியானமும் பயின்றனர்; கூடியிருந்து மனம்விட்டுப் பேசினர். ஓராண்டில் அவர்களுட் பெரும்பாலோரின் நாடி அடைப்புச் சற்றே தளர்ந்தது. மற்றையோரிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கூடியது.

குணம் தந்தது உணவா, அமைதியா? யாவற்றையும் ஒருங்கே செய்வித்தமையால் பிரித்துச் சொல்ல இயலாது, ஆட்தொகையும் சிறிதே. ஆயினும் இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பின் ஒன்பது முக்கிய காரணிகளுள் மனநெருக்கடியையும் வைத்தது.

மருந்தை விடச் சொல்வதன்று இது. குரக்கனும் கீரையும் நெளுக்குளத்தாருக்குப் புதியனவல்ல; கூடியிருந்து பேசும் அந்த வட்டமே அங்கு இனி அமைய வேண்டியது.