பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மின் மீட்டர்கள்

1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் பெட்ரோல் அளவையும் எஞ்சின் வெப்பத்தையும் காட்டும் மீட்டர்கள் ஈருலோகப் பட்டையால் இயங்கின. அதாவது, சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டைமீது சுற்றிய கம்பியில் மின்னோட்டம் பாய, பட்டை சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது என்பதால், இவ்வகைக் கார்கள் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

சாவியைத் திருப்பியபின் முள் மெல்ல ஏறுவதைப் பழுதென்று கொள்வது தவறு. பட்டை சூடாக நேரம் பிடிப்பதால் விளையும் அந்த மந்தமே, வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் அலைபாயும்போதும் முள்ளை நிலையாக வைத்திருக்கிறது. இரு மின்காந்தச் சுருள்களின் இழுப்பால் இயங்கிய முந்தைய இருசுருள் மீட்டர்களில் முள் உடனே எழும், ஆனால் ஓயாமல் ஆடும்.

பட்டையின் வளைவு, டேங்கிலோ எஞ்சினிலோ உள்ள உணரியின் தடையோடு மின்னழுத்தத்தையும் பொறுத்தது. கார் ஓடும்போதோ அது 12 வோல்ட்டுக்குக் கீழும் மேலும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இரு மீட்டர்களுக்கும் பொதுவாக ஒரு நிலைப்படுத்தி அமைக்கப்பட்டது. அதுவும் ஓர் ஈருலோகப் பட்டையே. சூடானால் தொடர்பைத் துண்டித்தும் ஆறினால் இணைத்தும் சராசரியாக 10 வோல்ட் தருகிறது. இதன் எர்த் இணைப்பு விட்டுப்போனால் உள்ளிருக்கும் சூடேற்றும் சுருள் செயலற்று, தொடர்பு திறக்காமலே நிற்க, பேட்டரியின் முழு அழுத்தமும் மீட்டர்களை அடைந்து, பெட்ரோலும் வெப்பமும் ஒருங்கே மிகுந்ததாகக் காட்டும். எனவே இரு முட்களும் சேர்ந்து பிசகினால் நிலைப்படுத்தியையும், ஒன்று மட்டும் பிசகினால் அதன் வயரையோ உணரியையோ பார்ப்பதே அறிவுடைய முறை.

வெப்ப உணரியான தெர்மிஸ்டர் என்பது மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோக ஆக்சைடுகளைச் சூளையில் சுட்டுச் செய்யும் பீங்கான் வகைப் பொருள். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் செராமிக் தொழிலில் உருவாகும் பியூஸ் கட்டைகளில் பீங்கான் மின்சாரத்தைத் தடுக்கிறது. தெர்மிஸ்டரோ சூடேறும்தோறும் தடையைக் குறைத்துக்கொண்டு மின்சாரத்தைக் கூடுதலாக விடுகிறது. களிமண் தொழிலோடு மட்டும் சேர்த்து நினைக்கப்படும் ஒரு பொருட்குலத்தின் வியக்கத்தக்க வீச்சு இது. மீட்டர் வகைக்கேற்ப உணரியின் தடை வேறுபடுவதால், இருசுருள் மீட்டருக்குரிய உணரியை ஈருலோக மீட்டருடன் பொருத்தினால், நல்ல எஞ்சினும் கொதிப்பதாகவோ குளிர்ந்திருப்பதாகவோ தோன்றக்கூடும். ஆகையால் உணரியை மாற்றும்போது, சூடான நீரில் வெப்பமானியுடன் சேர்த்து அமிழ்த்தி அதன் தடையை அளந்து பார்ப்பது நல்லது.