ஒடுங்கிய படம், விரிந்த நிலம்: வன்னியை முன்வைத்து உருளை வில்லையின் வரலாறு

இரணைமடுக் குளக்கட்டில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் அதில் பாதி வானம், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். பார்க்க வேண்டியவை எல்லாம் நடுவே ஒரு பட்டியாகக் கிடக்கும். இலங்கை வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பெரும்பாலும் தட்டை நிலம். வயலும் குளமும் காட்டோரமும் கிடையாகவே நீள்கின்றன. மனிதக் கண்ணுக்கு அந்த வானம் அழகுதான். ஆனால் படத்தைக் கணினி பார்க்கப் போகிறது என்றால் அது வீண்செலவு, ஏனெனில் கமராவின் உணரி வெறும் வானத்துக்கும் யானை நிற்கும் காட்டோரத்துக்கும் ஒரே கணக்கில் படப்புள்ளிகளைப் பங்கிடுகிறது.

கிடைப் பக்கம் மட்டும் அகலமாகப் பார்த்து, நிலைக்குத்துப் பக்கத்தை அப்படியே விட்டுவிடும் வில்லை ஏறத்தாழ நூறாண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது. சினிமாக்காரர் அதை அனமார்ஃபிக் லென்ஸ் என்பார்கள். அதன் அடிப்படை இந்த நூறாண்டில் பெரிதாக மாறவில்லை. ஒடுங்கிய படத்தை விரிக்கும் வேலை யார் கையில் இருந்தது என்பதே காலத்துக்குக் காலம் மாறியது. கணினிப் பார்வைக்கு வந்த பிறகு விரிக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வியாகிவிட்டது.

வில்லை இல்லாத காலத்தில் விரிக்கும் வேலை பார்ப்பவரின் காலுக்கு இருந்தது. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தின் அடிப்பகுதியில் ஒரு கோணல் கறை தெரியும். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சரிவாகப் பார்த்தால் அது மண்டையோடு. பிரெஞ்சு வானியலாளர் ஆன்ரி கிரெத்தியன் 1920களின் பிற்பகுதியில் ‘ஹைப்பர்கோனார்’ வில்லையைச் செய்தபோது அந்த வேலை கண்ணாடிக்கு மாறியது. சாதாரண வில்லையின் மேற்பரப்பு கோளத்தின் துண்டு. எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஒளியை வளைக்கும். உருளையின் துண்டாக அதைக் கடைந்தால் ஒரு திசையில் மட்டும் வளைக்கும். அப்படிப்பட்ட வில்லைகள் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கிப் பிலிமில் அடைக்க, திரையரங்கில் இன்னொரு வில்லை அதை இரு மடங்காக விரித்தது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் இதற்கு சினிமாஸ்கோப் என்று பெயரிட்டு, 1953இல் ‘தி ரோப்’ படத்தோடு இறக்கியது. தொலைக்காட்சி வந்து கூட்டத்தை வீட்டில் உட்கார்த்திவிட்ட நாட்கள் அவை. அகலத்திரை அதற்கு ஹாலிவுட் சொன்ன பதில். இந்தியாவில் குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ 1959இலும், தமிழில் ஏ.பி. நாகராஜனின் ‘ராஜராஜ சோழன்’ 1973இலும் இதில் வந்தன.

போர்க்காலத்தில் மின்சாரமில்லாமல் கிடந்த வன்னியில், ஜெனரேட்டர் பிடித்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போட்டுப் பார்த்த தலைமுறைக்கு அனமார்ஃபிக் என்ற சொல் தெரிந்திருக்காது. அதன் விளைவை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்கோப் படத்தை சதுரப் பெட்டிக்குள் அடைக்கும்போது ஓரங்களை வெட்டிவிடுவது வழக்கம். எழுத்தோட்டத்தை வெட்டினால் பெயர்கள் அறுந்து போகும். அதனால் பல வீடியோப் பிரதிகளில் அந்தப் பகுதியை மட்டும் விரிக்காமல் விட்டார்கள். கதாநாயகன் ஈர்க்குப் போல ஒல்லியாக நடந்து வருவான். பெயர்கள் முடிந்ததும் திடீரென்று உடம்பு வைத்துவிடும். விரிப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒடுங்கிய படம் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் வன்னிக்கு விசிடி பிளேயர்கள் பரவலாக வந்தன. சினிமா வரலாற்றாசிரியர்கள் கண்டுகொள்ளாத ஒரு திருப்பம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பல பிளேயர்களில் தட்டை வாசிக்கும் லேசரின் திரும்பும் பாதையில் ஒரு சிறு உருளை வில்லை உண்டு. தட்டு சரியான தூரத்தில் சுழன்றால் ஒளிப்புள்ளி வட்டமாக விழும். கொஞ்சம் கிட்ட வந்தால் ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டம், தள்ளிப் போனால் மறுபக்கம் சாய்ந்த நீள்வட்டம். நான்காகப் பிரித்த ஒளியுணரி ஒன்று எதிரெதிர்க் கால்பகுதிகளைக் கூட்டிக் கழித்து, வில்லையை முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்று தீர்மானிக்கும். வட்டம் நீள்வட்டமாவது படத்துக்குக் கெடுதி. இங்கே அதுவே தூரத்தைச் சொல்லும் தகவல். மனிதர் யாரும் பார்க்காத ஓர் ஒளிப்புள்ளியை இயந்திரம் தனக்காகக் கோணலாக்கி வாசிக்கிறது. 2008இல் நுண்ணோக்கியில் உருளை வில்லை வைத்துத் தனித்தனி மூலக்கூறுகளின் ஆழத்தை அளந்த ஹார்வர்ட் குழுவின் முறையும் இதே தத்துவந்தான்.

கைத்தொலைபேசிக்கு இந்த வில்லை சினிமா ஆசையால் வந்தது. மூன்டாக் லாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த 1.33 மடங்கு ஒட்டுவில்லையை ஐபோன் 5எஸ்ஸில் மாட்டி ஷான் பேக்கர் எடுத்த ‘டாஞ்சரின்’ 2015இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. 16:9 படம் 1.33 மடங்கு விரிந்தால் ஏறத்தாழ 2.37:1 ஆகும், பழைய ஸ்கோப் திரையின் அளவு. இங்கே விரிக்கும் வேலை மென்பொருளுக்குப் போயிற்று. திரையரங்கில் வில்லை செய்த வேலை ஒரு பெருக்கலாகச் சுருங்கிவிட்டது.

அந்தப் பெருக்கலைக் கணினிப் பார்வை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. 1987இல் ரோஜர் சாய் முன்வைத்த கமரா அளவுதிருத்த முறையில் கிடைத்திசைக்கென்று தனி அளவுக்காரணி ஒன்று உண்டு. தொலைக்காட்சிக் கமராவும் கணினி அட்டையும் நேரம் ஒத்துப் போகாத காலத்துத் தொல்லைக்காகச் சேர்த்தது. 2000இல் செங்யூ ஜாங் வெளியிட்டதும், ஓப்பன்சிவி நூலகத்தின் வழியாக மாணவர்கள் இன்று பழகுவதுமான சதுரங்கப்பலகை முறையிலும் கிடைத்திசைக்கும் நிலைக்குத்துத் திசைக்கும் வேறு வேறு குவியத்தூரங்கள் இருக்கின்றன. சாதாரணக் கமராவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்பதால் பலர் அவற்றைக் கவனிப்பதேயில்லை. 1.33 மடங்கு உருளை வில்லை மாட்டினால் ஒன்று மற்றதன் முக்கால் பங்காகும். அளவெடுக்க அவ்வளவு போதும். படத்தை விரிக்கவே தேவையில்லை.

பொருளை அடையாளம் காண்பதிலும் நிலைமை இதுதான். 2014இன் ஆர்-சிஎன்என் வெட்டியெடுத்த பகுதிகளை ஒரே சதுர அளவுக்கு இழுத்து மடக்கியது. 2016இல் வெளியான முதல் யோலோ எந்தப் படத்தையும் 448க்கு 448 ஆக மாற்றிக்கொண்டது. அகலப் படங்களை ஒல்லியாக்கிப் பார்த்துத்தான் இவை பழகின. ஆனால் எண்ணாக ஒடுக்குவதற்கும் கண்ணாடியால் ஒடுக்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது பதிந்த தகவலைத் தள்ளிவிடுகிறது. பின்னது பதியும் முன்பே கூடுதல் காட்சியை உள்ளே கொண்டுவருகிறது.

யானைக்கு எதிரான வயல் காவலுக்கு இந்த வில்லையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4000க்கு 3000 படப்புள்ளி கொண்ட ஒரு கைத்தொலைபேசியின் கிடைப் பார்வைக்கோணம் 66 பாகை என்று வைப்போம். 100 மீற்றர் தள்ளி அது 130 மீற்றர் அகலக் காட்டோரத்தைக் காணும், 2.5 மீற்றர் உயர யானை 77 புள்ளி உயரமாக விழும். 1.33 மடங்கு ஒட்டுவில்லை மாட்டினால் அகலம் 173 மீற்றராகும், யானையின் உயரம் அதே 77 புள்ளி. அதே அகலத்தைச் சாதாரண அகலக்கோண வில்லையால் பிடித்தால் யானை 58 புள்ளிக்குக் குறுகிவிடும், மிச்சமெல்லாம் கூடுதல் வானம். மொன்றியலின் இமர்விஷன் நிறுவனம் பனோமார்ஃப் வில்லைகளில் இதே எண்ணத்தை நீட்டித்தது: தேவையான பகுதிக்குப் புள்ளிகள் கூடுதலாக விழும்படி வேண்டுமென்றே கோணலாக்கிய வில்லை அது. காலபோக நெல் முற்றும் மாதங்களில் பரணில் விழித்திருந்து யானை வெடி போடுபவருக்கு ஒட்டுவில்லையால் கூடுதலாகக் கிடைக்கும் அந்த 43 மீற்றர் சின்ன விடயமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தக் கணக்குக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். 2016 மே மாதம் வவுனியாவின் செட்டிகுளத்தில் தாய் யானையும் மூன்று குட்டிகளும் ரயில் மோதி இறந்தன. அந்த மாதிரி விபத்துக்கு எஞ்சினின் நெற்றியில் அனமார்ஃபிக் கமரா வைப்பது தவறான மருந்து. ரயில் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். அங்கே தேவை நீளப் பார்வை. தண்டவாளத்தோரத்தில் கம்பம் நட்டு, யானை கடக்கும் பாதையை நோக்கி வைத்தால் அகலம் பயன்படும். அப்போதும் ரயிலின் முன்விளக்கு உருளைப் பரப்பில் பட்டுப் படத்துக்குக் குறுக்கே ஒரு நீண்ட ஒளிக்கீற்றை இழுக்கும். சினிமாக்காரர் காசு கொடுத்து வாங்கும் அழகு அது. இரவில் யானை தேடும் நிரலுக்குக் கண்ணில் விழுந்த தூசு.

இன்னொரு பழைய நோயும் கூடவே வரும். தொடக்ககால சினிமாஸ்கோப்பில் அண்மைக்காட்சி எடுத்தால் நடிகர் முகம் கூகைக்கட்டு வந்ததுபோல் வீங்கியது, கிட்டத்தில் வில்லை சொன்ன அளவுக்கு ஒடுக்காததால். பனாவிஷன் அதைத் தீர்த்துத்தான் சந்தையைப் பிடித்தது. கைத்தொலைபேசி ஒட்டுவில்லையிலும் கிட்டத்தில் ஒடுக்கம் மாறும், இரு திசைகளும் ஒருசேரக் குவியா. ஆகவே ஏ4 தாளில் அச்சடித்த சதுரங்கப்பலகையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து அளவு திருத்திவிட்டு, 100 மீற்றரில் நிற்கும் யானையின் தூரத்தைக் கணித்தால் விடை பிசகும். வயலோர மின்வேலித் தூண்களின் இடைவெளியையும் உயரத்தையும் நாடா பிடித்து அளந்து, அவற்றையே பலகையாகக் கொண்டு கமராவைத் திருத்துவது மேல்.